உன் ஐயா செய்த மெட்டில்லாக் கிற்றார்

அன்பு மகனுக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. தபால்காரர் படலையில் நின்று மணி அடித்தபோது வசந்திதான் ஓடிப்போய் வாங்கி வந்தாள். அண்ணனின் கலியாணச் செய்தி என்பதால் குசினி வாசலில் நின்றபடியே உரக்க வாசித்தாள். தாலிக்குப் பொன்னுருக்கும் நாள், பெண் வீட்டாரின் ஊர், கூறைச் சீலைக்கு என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகச் சந்தோசமாக வாசித்து வந்தவள், இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள். "மிச்சத்தை நீங்களே வாசியுங்கோ அம்மா" என்று கடிதத்தை மடித்து என் கையில் தந்துவிட்டுக் கன்றுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள். நீ எழுதியிருந்ததை நான் அடுப்படியில் இருந்து வாசித்தேன். பெண் வீட்டார் சங்கீதம் தெரிந்த குடும்பம், பழைய ஆட்கள், ஐயா இறந்த முப்பத்தோராம் நாளில் நடந்ததுபோலக் கலியாண வீட்டிலும் நடந்தால் உன்னால் தலை நிமிர்ந்து நிற்க முடியாது, ஆகையால் அந்தக் கிற்றாரைத் தயவுசெய்து கொண்டு வர வேண்டாம் என்று கேட்டிருந்தாய்.

முதலில் உன் மனம் ஆறட்டும். நான் அதைக் கொண்டு வரமாட்டேன். நீ கேட்காமல் இருந்திருந்தாலும் கொண்டு வந்திருக்கமாட்டேன். எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் "ஐயா உங்களைத் தேற்றுவதற்காகச் செய்து தந்த விளையாட்டுச் சாமான்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அந்த வரிக்குத்தான் இந்தக் கடிதம். நேரில் சொல்லலாம் என்றால் என் தொண்டை சிறிது நேரத்தில் களைத்துப் போகும். அதைப் பார்க்க உனக்குப் பொறுக்காது, "போதும் அம்மா, விளங்குது" என்று எழுந்துவிடுவாய். பேனைக்குக் களைப்பில்லை. நீ ஒரு வீட்டுக்குத் தலைவனாகப் போகும் நேரத்தில், உன் தாய் தகப்பனின் வீட்டில் நீ இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதை அறிந்துகொண்டு போ.

நாங்கள் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காணியை விட்டு இந்தக் குளத்தடிக் குடியேற்றத்துக்கு வந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய். காடு வெட்டிய நிலத்தில் கட்டைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்தன. உன் ஐயாவுக்கு வயலில் இருந்த அக்கறையை விட மின்சாரச் சாமான்களில் இருந்த ஆசை பெரிது என்பது உனக்குத் தெரியும். இரண்டு போகம் நன்றாக விளைந்ததும் ஒரு அம்பிளிபயரும் குழாய் லவுட்ஸ்பீக்கரும் வாங்கிக் கோயில்களுக்கும் கலியாண வீடுகளுக்கும் வாடகைக்குக் கொண்டுபோகத் தொடங்கினார். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் அம்மன் கோயிலில் பூசைக்கு முன்பு மைக்கை என் கையில் தருவார். நான் கச்சேரிப் பாடகி இல்லை. தேவாரம் பாடுவேன், நாற்று நடும்போது பெண்களோடு சேர்ந்து பாடுவேன், அவ்வளவுதான். ஆனால் என் குரல் வாய்க்காலுக்கு அக்கரையில் தண்ணீர் மறித்துக் கட்டுகிறவர்களுக்கும் கேட்கும். அவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு நிற்பார்கள் என்று உன் ஐயா வந்து சொல்லுவார். தன் லவுட்ஸ்பீக்கரைப் பற்றிப் பெருமைப்படுவதுபோலத்தான் சொல்லுவார். என்னைப் பற்றித்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

கழுத்தில் கட்டி வந்ததும், பட்டணத்து ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்ததும் உனக்கு ஞாபகம் இருக்கும். நீ அப்போது விடுதியில் இருந்து படித்தாய், ஞாயிற்றுக்கிழமை தோடம்பழம் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாய். குரல் நரம்போடு கட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறது, உயிரைக் காப்பாற்றலாம், குரலுக்கு உத்தரவாதம் தரமுடியாது என்று டொக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். நல்ல மனுசன். பிறகு ஒருநாள் என் கட்டிலருகே கதிரையைப் போட்டு உட்கார்ந்து, இனி இவ்வளவுதான் வரும் என்பதையும் அவரே சொன்னார். நான் தலையை ஆட்டினேன். என்ன பெரிய விசயம், உயிர் இருக்கிறதே என்று அப்போது நினைத்தேன்.

பெரிய விசயம்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகே விளங்கியது. நெல் காய விட்டிருக்கும்போது ஆடு வந்தால் துரத்த முடியாது. வயலில் நிற்கும் மனுசனைச் சாப்பிடக் கூப்பிட முடியாது, வரம்பு வழியே நடந்துபோய்க் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். சந்தையில் நான் கேட்பது வியாபாரிக்கு விளங்காது. அவன் "என்ன அம்மா? என்ன?" என்று கத்துவான், எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு. வசந்திக்கு அப்போது மூன்று வயது. அவளை நித்திரையாக்க நான் பாடத் தொடங்கினேன். வந்தது காற்று மட்டும். குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றோடு நான் பாடுவதை மட்டுமல்ல, பேசுவதையும் விட்டுவிட்டேன். முணுமுணுக்க முடியும், ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கே அருவருப்பாக இருந்தது. கோயிலுக்குப் போகவில்லை. கலியாணம், சாமத்தியச் சடங்கு ஒன்றுக்கும் போகவில்லை. நீ விடுமுறையில் வந்து நின்ற நாட்களில் மட்டும் கொஞ்சம் பேசினேன். அதனால் உனக்கு எங்கள் வீட்டின் உண்மையான நிலை தெரியாது. உன் ஐயா கொஞ்ச நாள் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தானே கதைத்துப் பார்த்தார். பிறகு அவரும் அடங்கிவிட்டார். வீட்டில் றேடியோ மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அப்படி ஒரு வருசத்துக்கு மேலே போன பிறகு, கிளிநொச்சியில் ஒரு கலியாணத்துக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டப் போனவர் பின்னேரம் அவசரமாக வந்து சேர்ந்தார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுக் கால்கூடக் கழுவாமல் என் முன்னால் குந்தினார்.

"இஞ்சரும், யாழ்ப்பாணத்திலை இருந்து ஒரு பாட்டுக் கோஷ்டி வந்தது. ஒரு பெடியன் கிற்றார் ஒண்டு வைச்சிருந்தான். அதுக்குப் பெட்டியே இல்லை, வெறும் பலகை! வயரை என்ரை அம்பிளிபயரிலைதான் குத்தினவன். பலகை எப்பிடிச் சத்தம் போடுது எண்டு கேட்டன். கம்பிக்குக் கீழை காந்தம் இருக்காம், அதைச் சுத்திச் செப்புக் கம்பி. கம்பி ஆடினால் காந்தத்துக்குத் தெரியுமாம். அவ்வளவும்தான்!"

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நாங்களும் ஒண்டு செய்து பாப்பம். கோஷ்டியளுக்கு வாடகைக்கு விடலாம்" என்றார்.

இந்த இடத்தை நீ கவனிக்க வேண்டும். உனக்காகச் செய்கிறேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. வாடகைக்கு என்றுதான் சொன்னார், கடைசிவரை அப்படியே சொன்னார். கையால் செய்த கிற்றாரை எந்தக் கோஷ்டியும் வாடகைக்கு எடுக்காது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் எனக்காக என்று சொல்லியிருந்தால் நான் அந்தப் பலகையின் பக்கமே போயிருக்கமாட்டேன்.

கிற்றாரின் உடம்புக்குப் பலாப்பலகை எங்களிடம் இருந்தது, புயலுக்கு விழுந்த மரம். கழுத்துக்கு முதிரை. விரல் வைத்து அழுத்தும் மேற்பலகைக்குக் கருங்காலி வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, முல்லைத்தீவில் மரம் அறுத்து விற்கும் மரக்காலை வைத்திருந்த காசிம் நானாவிடம் போனார். நானா எதற்கு என்று கேட்டிருக்கிறார். இவர் சொன்னதும் சிரித்துவிட்டு, அறுத்து மிஞ்சிய கருங்காலித் துண்டுகளில் நேரான நார் உள்ளதாகப் பார்த்துத் தேடி எடுத்துக் கொடுத்தாராம். "பச்சை மரத்திலை செய்யாதீங்க, வளைஞ்சு போகும்" என்றும் சொல்லி அனுப்பினார். உன் ஐயாவுக்குக் கருங்காலியில் இருந்த பொறுமை முதிரையில் இருக்கவில்லை. முதிரை சரியாகக் காயவில்லை என்று தெரிந்தும் செதுக்கத் தொடங்கிவிட்டார்.

என்னை அவர் அதற்குள் இழுத்தது செப்புக் கம்பியால். எரிந்துபோன ஒரு பழைய றேடியோவின் உள்ளே இருந்து தலைமயிரை விட மெல்லிய கம்பியைப் பிரித்து எடுத்தார். பழுதான லவுட்ஸ்பீக்கரின் காந்தத்தின் மேல் இரும்பு ஆணிகளை நிறுத்தி, அவற்றைச் சுற்றி இந்தக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்ற வேண்டும். அவருடைய கை வயல் வேலை செய்த கை, கொஞ்சம் இழுத்தால் கம்பி அறுந்துவிடும். மூன்று நான்கு தரம் அறுத்த பிறகு, ஒரு மத்தியானம் என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வயலுக்குப் போய்விட்டார். மெஷினில் நூல் சுற்றும் சக்கரம் இருக்கிறது அல்லவா? நான் அதைப் பார்த்தேன், கம்பியைப் பார்த்தேன். பிறகு ஆணிகள் நிறுத்திய அந்தக் கட்டையைச் சக்கரத்தில் பொருத்தி, இடக்கை விரல்களுக்கிடையே கம்பியை ஓடவிட்டு, கைப்பிடியை மெல்லச் சுற்றத் தொடங்கினேன். எனக்கும் அறுந்தது. ஈயம் வைத்து ஒட்டி மறுபடியும் சுற்றினேன். அவர் வந்தபோது கட்டை பருத்துச் செம்பு நிறத்தில் மின்னிக்கொண்டிருந்தது. அம்பிளிபயரில் வயரைக் கொடுத்துவிட்டு ஒரு ஆணியைத் திருப்புளியால் தட்டினார். புளியமரத்தில் கட்டியிருந்த குழாயில் இருந்து "டொக்" என்று பெரிய சத்தம் வந்தது. காகங்கள் எல்லாம் எழும்பிப் பறந்தன. நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோம். நான் ஆஸ்பத்திரியால் வந்த பிறகு சிரித்தது அன்றைக்குத்தான்.

ஆனால் கிற்றார் பாடவில்லை. வீணையில் மெட்டு இருப்பதுபோலக் கிற்றாரின் கழுத்திலும் குறுக்கே சின்னச் சின்ன உலோகக் கம்பிகள் பதித்திருக்கும். விரலை அழுத்தினால் தந்தி அந்தக் கம்பியில் முட்டிச் சுரம் பிறக்கும். உன் ஐயா அந்தக் கோஷ்டிப் பெடியனின் கிற்றாரில் நூல் பிடித்து அளந்து வந்திருந்தார். பழைய விளக்குப் பித்தளையை அராவி அராவி மெட்டுக்கள் செய்து, கருங்காலியில் வெட்டுப்போட்டுப் பதித்தார். மாதக்கணக்கான வேலை அது. தந்தி பூட்டியதும் முதிரைக் கழுத்து இழுவை தாங்காமல் முன்னுக்கு வளைந்தது. கழற்றிச் சீவினார். பிறகு தந்தி மிகத் தாழ்ந்து மெட்டுக்களில் உரசிக் கரகரத்தது. கழுத்துப் பொருத்தின் கீழ் தீப்பெட்டி அட்டையை வெட்டி வைத்து உயர்த்தினார். ஒரு மெட்டு உயரமாக இருக்கும், அதை அராவினால் அடுத்தது உயரமாகிவிடும். அதையும் அராவினால் மூன்றாவது. நன்றாக ஒலித்த சுரங்களும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் ஒவ்வொரு சுரமாகத் தட்டத் தட்ட, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவதாகவே எனக்குக் கேட்டது. ஒரு பின்னேரம் அராவித் தூள் படிந்த கையோடு, "சனியன் பிடிச்ச சாமான்" என்று அவர் அராவியை எறிந்தபோது நான் வாய் திறந்தேன்.

"கழட்டுங்கோ."

அவர் திரும்பிப் பார்த்தார். நான் பேசி எவ்வளவோ நாள் ஆகியிருந்தது.

"எதைக் கழட்டச் சொல்லுறீர்?"

"மெட்டு எல்லாத்தையும்."

"மெட்டில்லாமல் எப்பிடி? விரலை எங்கை வைக்கிறதெண்டு எப்பிடித் தெரியும்?"

"நான் பாடேக்கை படி ஏறியே பாடினனான்?" என்று கேட்டேன். காற்றுத்தான் வந்தது, ஆனாலும் அவருக்கு விளங்கியது. "இது படியிலை நிண்டு நிண்டு பாடுது. எனக்கு அது கேக்கேலாமல் கிடக்கு."

உன் ஐயா கொஞ்ச நேரம் அந்தக் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஆணி பிடுங்கும் குறட்டை எடுத்து, தான் மாதக்கணக்கில் செய்து பதித்த மெட்டுக்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். இன்னும் ஒருக்கா அராவிப் பார்ப்போம் என்று சொல்லவில்லை. நீர் என்ன கண்டீர் என்றும் கேட்கவில்லை. பிடுங்கிய இடங்களில் கருங்காலித் தூளையும் பிசினையும் குழைத்து அடைத்தார். காய்ந்ததும் கண்ணாடித் துண்டால் சுரண்டிச் சமப்படுத்தி எண்ணெய் பூசினார். பலகை கறுத்த தண்ணீர்போல மினுங்கியது. தந்தியை இப்போது நன்றாகத் தாழ்த்தி வைக்க முடிந்தது, உரசுவதற்கு ஒன்றும் இல்லை. என் பழைய சுருதிக்கு முறுக்கினார். அது அவருக்கு மறக்கவில்லை. நான் விரலை வைத்து ஒரு தந்தியைச் சுண்டி, விரலை அப்படியே மேலே இழுத்தேன். சுரம் அறுபடாமல் கூடவே வந்தது.

அன்றே நான் வாசிக்கத் தொடங்கிவிட்டேன் என்று நினைக்காதே. மெட்டிருந்தால் விரல் கொஞ்சம் பிசகினாலும் சுரம் பிசகாது. மெட்டில்லாத பலகையில் ஒரு நெல் அகலம் தள்ளி வைத்தாலும் காது கூசும். வசந்தி வந்து நின்று, "அம்மா, இது பாட்டோ, மாடு கத்துறதோ?" என்று கேட்பாள். உன் ஐயா வயலுக்குப் போகும்போது எனக்கென்று, தான் புதிது வாங்கியதும் மிஞ்சிய பழைய அம்பிளிபயரைப் பூட்டி வைத்துவிட்டுப் போவார். அயலட்டைக்குத் தொந்தரவு வேண்டாம் என்று புளியமரத்துக் குழாயைக் காட்டுப் பக்கம் திருப்பிக் கட்டினார். நான் சின்னச் சத்தத்தில் நாள் முழுக்கத் தடவித் தடவி இடங்களைத் தேடினேன். ஒரு தேவாரத்தின் முதல் அடி வருவதற்கு ஒரு போகம் போயிற்று. நீ அந்த விடுமுறையில் வந்து, உன் சிநேகிதனிடம் "எங்கடை ஐயா கிற்றார் செய்திருக்கிறார், மெட்டு வைக்க மறந்துபோனார்" என்று சொல்லிச் சிரித்தாய். உன் ஐயாவும் சேர்ந்து சிரித்தார். நான் உனக்கு விளக்கம் சொல்லவில்லை.

இனிச் சொல்லப்போவது உனக்குத் தெரியாது. உனக்குப் பள்ளிக்கூடச் சோதனை கிட்டி வந்தது, வீண் கவலை தர வேண்டாம் என்று அப்போது எழுதவில்லை. பிறகு சொல்லச் சந்தர்ப்பம் வரவில்லை.

வசந்திக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. எங்கள் வாய்க்கால் வரிசையில் குடியிருந்த ஒரு பெண்ணுக்கு ஓமந்தையில் கலியாணம். லொறி பிடித்து அயலில் உள்ள எல்லாரும் போய்விட்டார்கள். உன் ஐயாவும் புது அம்பிளிபயர், மைக் எல்லாவற்றோடும் போய்விட்டார். நான் எங்கும் போகாதவள் என்பதால் வசந்தியோடு வீட்டில் நின்றேன். பின்னேரம் நெல் அவித்துக்கொண்டிருந்த நான் தலை நிமிர்ந்தபோது மாட்டடியில் கன்று இல்லை, பிள்ளையும் இல்லை. அறுந்த கயிறு முளையில் தொங்கியது. அந்தச் சிவலைக் கன்று என்றால் அவளுக்கு உயிர். அதைப் பிடிக்கப் போயிருக்கிறாள் என்று உடனே விளங்கிவிட்டது. வாய்க்கால் கட்டில் ஓடினேன். கடைசி வயலின் ஈரத்தில் கன்றின் குளம்பும் அவளுடைய சின்னப் பாதமும் பதிந்திருந்தன. இரண்டும் நேரே காட்டுக்குள் போயின.

அந்தக் காட்டை உனக்குத் தெரியும். பொழுது சாய்ந்தால் யானை குளத்துக்கு இறங்கும் பாதை அது. நான் காட்டோரத்தில் நின்று வாயைத் திறந்து என் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டேன். மகனே, எனக்கு முன்னால் நின்ற பற்றை இலைகூட அதைக் கேட்டிருக்காது. மறுபடியும் கூப்பிட்டேன், கழுத்து நரம்பு புடைக்கக் கூப்பிட்டேன். இருமல்தான் வந்தது. உள்ளே கொஞ்சத் தூரம் ஓடினேன், பாதை மூன்றாகப் பிரிந்தது. அவள் பக்கத்துப் பற்றைக்குள் நின்றாலும் என்னைக் கேட்கமாட்டாள் என்று தெரிந்து நின்றேன். கை தட்டினேன். கைதட்டினால் காட்டில் யாருக்கு என்ன தெரியும்? அயலில் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. மழை இருட்டும் மைம்மல் பொழுதும் சேர்ந்து வந்துகொண்டிருந்தன.

அப்போதுதான் காட்டைப் பார்த்துக் கட்டியிருந்த குழாய் நினைவுக்கு வந்தது. திரும்பி வீட்டுக்கு ஓடினேன். பழைய அம்பிளிபயரின் வயர்களைப் பற்றரியில் மாட்டினேன். அதன் வால்வுகள் சூடாகும்வரை சத்தம் வராது. அந்தச் சிவப்பு வெளிச்சம் மெல்ல மெல்ல ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, கிற்றாரை மடியில் வைத்தபடி நான் இருந்த நேரத்தைப்போல ஒரு நேரம் எனக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை, உன் ஐயாவின் உயிர் போன நேரத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

என்ன வாசிப்பது என்று நான் யோசிக்கவில்லை. தேவாரம் கைக்கு வரவில்லை. கை தானாக அவள் பெயரைத்தான் கூப்பிட்டது. "வ" என்று கீழே தொட்டு, "சந்" என்று ஏறி, "தீ" என்று நீட்டி, காற்றுப் போகுமட்டும் பிடித்து மெல்லக் கீழே விடுவது. அடுக்களையில் நின்று பிள்ளையைக் கூப்பிடும் எந்தத் தாயும் அப்படித்தான் கூப்பிடுவாள். சத்தம் உள்ள காலத்தில் நானும் அப்படித்தான் உன்னைக் கூப்பிட்டேன். சத்தத்தைக் கடைசிவரை திருப்பி வைத்தேன். ஒருதரம் கூப்பிட்டுவிட்டுக் காது கொடுப்பேன், மறுபடி கூப்பிடுவேன். காடு முழுக்க அது போய் முட்டித் திரும்பி வந்தது. விரல் நுனி தோல் கிழிந்து தந்தி வழுக்கியது. சீலையில் துடைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

முதலில் கன்றுதான் பற்றைக்குள்ளால் வெளியே வந்தது. அதன் கழுத்துக் கயிற்றின் மிச்சத்தைப் பிடித்தபடி பின்னால் அவள் வந்தாள். சட்டை கிழிந்து, காலெல்லாம் முள் கீறி, முகம் வீங்கி அழுதிருந்தாள். நான் ஓடிப்போய்த் தூக்கினேன். வழி தெரியாமல் ஒரு பாலை மரத்தடியில் குந்தி இருந்தாளாம். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கிச் சொன்னாள்.

"அம்மா, நீங்கள் கூப்பிட்டது கேட்டது. ஏனம்மா இவ்வளவு நேரமும் கூப்பிடேல்லை?"

அவளுக்கு அது கிற்றார் இல்லை, மகனே. அவள் கிற்றார் கேட்டது என்று சொல்லவில்லை. அம்மா கூப்பிட்டது என்றுதான் சொன்னாள்.

அடுத்த நாள் காலை உன் ஐயா வந்து, பற்றரி இறங்கிக் கிடப்பதைக் கண்டு ஏன் என்று கேட்டார். நான் சொல்வதற்கு முன்னால் வசந்தி முழுக்கதையையும் சொன்னாள், யானை வந்தது என்று தன் பங்குக்கு ஒரு பொய்யும் சேர்த்து. அவர் என் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். பிறகு முற்றத்தில் இறங்கி மாட்டடிக்குப் போய், கன்றுக்குப் புதுக்கயிறு முறுக்கிக்கொண்டு நெடுநேரம் நின்றார். திரும்பி வந்து, "இனி வீட்டிலை எப்பவும் ஒரு நல்ல பற்றரி நிக்கும். எந்தக் கலியாணம் எண்டாலும் அதை நான் வெளியிலை கொண்டு போகமாட்டன்" என்றார். அதை அவர் மீறவில்லை. இரண்டு இடத்து வாடகைக் கேள்வி ஒரே நாளில் வந்தால் ஒன்றைக் கைவிட்டார், ஆனால் அந்தப் பற்றரியைத் தொடவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் மனிதருக்குள் போகத் தொடங்கினேன். கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. இந்தக் காற்றுக் குரலோடுதான் போனேன். என் பிள்ளைக்கு எட்டும் ஒரு குரல் வீட்டில் இருக்கிறது என்ற தைரியத்தில், சந்தையில் வியாபாரி "என்ன? என்ன?" என்று கத்தினாலும் வெட்கப்படாமல் இரண்டாம் தரம் சொன்னேன். பின்னேரங்களில் உன் ஐயா கை கால் கழுவி வந்து உட்காருவார், நான் வாசிப்பேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டார். சுரம் பிசகினால் மட்டும் தொண்டையைச் செருமுவார். அதனால்தான் அவருடைய முப்பத்தோராம் நாளில், சாப்பாடு முடிந்து ஆட்கள் இருந்தபோது, நான் அதை எடுத்து அவருக்குப் பிடித்த தேவாரத்தை வாசித்தேன். செத்த வீட்டில் பைலா ஆட்டச் சாமானா என்று யாரோ சொன்னது எனக்கும் கேட்டது. நீ எழுந்து வாய்க்கால் கட்டுப் பக்கம் போனதையும் கண்டேன். அடுத்த நாள் விடிய நீ கொழும்புக்குப் போய்விட்டாய். உன்னில் குறை இல்லை. மற்றவர்களுக்குத் தெரிந்த அளவுதான் உனக்கும் தெரிந்திருந்தது, அப்படி விட்டது நாங்கள்.

நீ கட்டப்போகும் பெண் எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரியாது. படம் பார்த்தேன், நல்ல களையான முகம். எவ்வளவு நல்ல வாழ்க்கையிலும் அவளுக்கு ஒருநாள் ஏதோ ஒன்று இல்லாமல் போகும், ஆரோக்கியமோ, தாய் தகப்பனோ, பிள்ளையோ, அம்மன் புண்ணியத்தில் அவ்வளவு பெரிதாக ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும். அப்போது அவளிடம் கவலைப்படாதே என்று சொல்லிவிட்டுக் கந்தோர் வேலைக்குப் போய்விடாதே. உன் ஐயா அந்த வார்த்தையை என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நீ அவளுக்காக ஏதாவது செய்வாய், நீ அவருடைய மகன், செய்யாமல் இருக்கமாட்டாய். ஆனால் நீ பாடுபட்டுச் செய்ததைப் பார்த்து, இது எனக்குப் பொருந்தவில்லை, கழற்று என்று அவள் சொன்னால், நீ பட்ட பாட்டை எண்ணிக் காட்டாமல் குறட்டைக் கையில் எடு. என் மனுசனை, அவர் மெட்டுக்களைப் பிடுங்கிய அன்றைக்குத்தான் நான் முழுதாக அறிந்தேன், கலியாணம் முடித்து அத்தனை வருசத்துக்குப் பிறகு.

நானும் வசந்தியும் பொன்னுருக்குக்கு முதல் நாள் காலை ரெயிலில் மாங்குளத்தில் ஏறுவோம். அவளுக்குப் பாவாடை தைத்து முடித்துவிட்டேன். உன் தாலிக்கொடிக்கு வேண்டிய சாமான்களும் பலகாரமும் கொண்டு வருகிறோம். வேறொன்றும் கொண்டு வரவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பெண் வீட்டார் என்னிடம் ஏதாவது கேட்டால், நான் வாய் திறக்கும் முன்னே நீ எனக்காகப் பதில் சொல்லும் பழக்கம் உனக்கு இருக்கிறது. அன்பினால்தான் செய்கிறாய், அதுவும் எனக்குத் தெரியும். அங்கே அதைச் செய்யாதே. அவர்கள் பொறுக்கட்டும், கிட்ட வந்து கேட்கட்டும். மணவறையில் நீங்கள் இரண்டு பேரும் என் காலில் விழுந்து எழும்பும்போது மேளம் பெரிதாக முழங்கிக்கொண்டிருக்கும். உடனே நிமிர்ந்துவிடாமல் கொஞ்சம் குனிந்து நில்லுங்கள், அவளையும் நிற்கச் சொல். உங்களுக்கு ஒரு வார்த்தை வைத்திருக்கிறேன். அதை இங்கே எழுதப் போவதில்லை. என் வாயால்தான் சொல்லுவேன்.

உன் அம்மா